நாரைப் பேட்டையின் ஏழு துடிப்பு

மருந்துக்கடையைப் பூட்டக்கூட நேரமில்லை. வெள்ளைக் கோட்டோடு இறக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தாள் ஒர்னெல்லா.

கையில் ஓர் இ.சி.ஜி. தாள். பந்தயம் தொடங்க ஆறு நிமிடம்.

மோன்தெரோக்காவில் கல்யாணத்தைத் தள்ளிவைப்பார்கள், இந்த ஆகஸ்டு ஞாயிற்றைத் தள்ளிவைக்க மாட்டார்கள். எண்பது கிலோ வைன் பீப்பாயை இரண்டு பேர் மேட்டுத் தெருவில் ஒரு கிலோமீட்டர் உருட்டி ஏற்ற வேண்டும். பேட்டைக்கு ஒரு பீப்பாய். அதற்கு முன்னால், கத்திக்கொண்டே, கடைசிவரை ஓடுபவர் பேட்டைத் தலைவர்.

"வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க."

விட்டார்கள். ஒரு புண்ணியவான் குழந்தையோடு தள்ளுவண்டியையே தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். ஒவ்வொருவருக்கும் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே ஓடினாள்.

பத்து நிமிடத்துக்கு முன்புதான் நகரத்து இதய மருத்துவர் கடைக்குப் போன் செய்திருந்தார். நேற்று அனுப்பிய பதிவை இப்போதுதான் பார்த்தாராம்.

"யாருங்க அந்த ருஜ்ஜேரோ பிந்தி? ஆளை ஓட விடாதீங்க. மாடிப்படி கூட வேகமா ஏறக் கூடாது."

ருஜ்ஜேரோ பிந்தி, நாரைப் பேட்டையின் பீப்பாய் தள்ளும் இருவரில் ஒருவன்.

பதிவை எடுத்தது கடை முதலாளியம்மா. பிறவி நாரைப் பேட்டைக்காரி. பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க நெஞ்சுப் பதிவும் வேண்டும்; அதற்கு நேற்று மாலைதான் கடைசி நேரம். ஒர்னெல்லா வீட்டுக்குக் கிளம்பிய பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எடுத்திருக்கிறாள். இன்று போனைக் கடையிலேயே மறந்துவிட்டு, மேட்டு உச்சியில் கொடியோடு நிற்கிறாள்.

ருஜ்ஜேரோ பந்தயம் தொடங்கும் கோட்டருகே நின்றிருந்தான். எருமைக் கழுத்து. ஒற்றைக் கையால் பீப்பாயை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒர்னெல்லா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

குறுக்கே வந்து நின்றார் தலைவர் துய்லியோ. இறகு வைத்த தொப்பி, கழுத்தில் சிவப்புப் பட்டுத்துணி, முன்னால் தள்ளிய தொந்தி.

"என்ன டாக்டரம்மா, எங்களை எதிர்த்து ஓடற மரநாய்ப் பேட்டைக்காரனுங்க விருந்து கிருந்து வச்சானுங்களா? கரெக்டா இந்த நேரம் பார்த்து என் ஆளை இழுக்கறீங்க?"

மருந்து எடுத்துக் கொடுப்பவளும் இந்த ஊரில் டாக்டரம்மாதான். அவர் வாயில் அது வசவு போல விழுந்தது.

"அவருக்கு நெஞ்சு சரியில்ல, தலைவரே."

"அவனுக்கா? வயல்ல டிராக்டர் மாட்டிக்கிட்டா இவனைத்தான் கூப்பிடுவோம். உங்க மெஷினுக்கு வெயில் தலைக்கேறிடுச்சு, போய் நிழல்ல வைங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒர்னெல்லா சிரிக்கவில்லை. பீப்பாயின் மேலேயே தாளை விரித்தாள்.

"உங்க ஊர்வலத்துல முன்னாடி போறவன் முரசு அடிக்கிறான். மத்தவங்க அவன் தாளத்துக்கு நடக்கறாங்க. நெஞ்சும் அப்படித்தான். மேல ஒரு சின்ன இடம், அதுலருந்து மின்சாரம் கிளம்பிக் கீழ இறங்கும். கீழ் அறை அதைக் கேட்டுத்தான் அடிக்கணும். இங்க பாருங்க. இந்த ஏழு துடிப்பு மேலேருந்து வந்ததில்ல. கீழ் அறை தானாவே தாளத்தைப் பிடுங்கிக்கிட்டுத் தறிகெட்டு அடிச்சிருக்கு. சும்மா படுத்திருக்கும்போதே ஏழு. இந்த மேட்டுல ஓடினா அந்தத் தறிகெட்ட அடி நிக்காமலே போகலாம். அப்புறம் இதயம் ரத்தத்தைத் தள்ளாது, வெறுமனே நடுங்கும். உச்சிக்குப் போய்ச் சேர மாட்டாரு."

துய்லியோ குனிந்தார். மற்ற துடிப்புகள் ஊசி போல மெலிந்திருக்க, அந்த ஏழு மட்டும் அகலமாக, கோணலாக நின்றன. ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்தார்.

"இது இருக்கறவனுக்கு..." குரல் இறங்கியிருந்தது. "நெஞ்சுக்குள்ள மீன் துள்ற மாதிரி இருக்குமா?"

"இருக்கலாம்."

"கண்ணு ஒரு நொடி இருட்டிட்டு உடனே தெளிஞ்சிடுமா? வெயில்தான்னு விட்டுடற மாதிரி?"

ஒர்னெல்லா ருஜ்ஜேரோவிடம் திரும்பினாள். "உங்களுக்கு அப்படி வந்திருக்கா?"

"எனக்கா? ஒரு நாளும் இல்லீங்க." சொல்லிவிட்டுத் தலைவரைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

துய்லியோ தொப்பியைக் கழற்றினார்.

"பீப்பாயை ஓரங்கட்டுங்கடா. இந்த வருஷம் நாரை ஓடாது."

நாரைப் பேட்டை முழுக்க ஒரே கூச்சல். மரநாய்ப் பேட்டையிலிருந்து விசில். அவர் எதற்கும் திரும்பவில்லை. முரசு ஒலித்தது, மற்றப் பேட்டைகளின் பீப்பாய்கள் கடகடவென்று மேடேறின, கூட்டமும் அவற்றின் பின்னால் போயிற்று.

துய்லியோ தங்கள் பீப்பாய் மேல் உட்கார்ந்தார். கழுத்துப் பட்டுத்துணியை அவிழ்த்து ஒர்னெல்லாவின் தோளில் போட்டார். பேட்டையில் பிறந்த குழந்தைக்குத் தவிர வேறு யாருக்கும் அதைப் போடுவதில்லை. ஒர்னெல்லா பக்கத்து ஊர்க்காரி.

"என்னை நம்பினதுக்கு நன்றி, தலைவரே. ஒரு உயிர் பிழைச்சுது."

"நன்றிய என்னைச் சொல்ல விடுங்க, டாக்டரம்மா. ஆயுசு முழுக்கச் சொன்னாலும் தீராது. முதல்ல அந்த ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

"கூப்பிடறேன். ருஜ்ஜேரோ, நீங்க உக்காருங்க."

"அவன் நிக்கட்டும். அவனுக்கு ஒண்ணுமில்ல."

துய்லியோ மேட்டை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.

"நேத்து ராத்திரி கடைசி பஸ்லதான் அவன் ஊருக்கே வந்து இறங்கினான். பேர் கொடுக்க நேரம் முடியப்போகுதேன்னு, அவன் பேரைச் சொல்லிட்டு உங்க கடைக் கட்டில்ல சட்டையைக் கழட்டிப் படுத்தது நான்."