துணைக்கு வந்தவர்

"என்ன அனீஸா, இன்னிக்கும் காவலுக்கு ஆள் வந்திருக்கா?"

ஃபஹ்மிதா டீச்சர் கேட்டதும் அனீஸா தலையைக் குனிந்தபடி தன் இடத்துக்குப் போனாள். அவள் கணவன் ஜாஃபர் சாதிக் வழக்கம்போல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டான்.

பேராவூரணியில் ஒரு தேங்காய் மண்டியின் மாடியில் நடக்கிற ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு அது. கீழே மண்டி வைத்திருக்கும் லியாகத் அலி அனீஸாவின் அண்ணன். மாடிக்கும் அவர்தான் சொந்தக்காரர். அதனாலேயே ஃபஹ்மிதா இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

சேரும்போதே அனீஸா சொல்லியிருந்தாள். "அடுத்த மாசம் போன்ல இன்டர்வியூ டீச்சர். ஷார்ஜாவுல ஒரு சூப்பர் மார்க்கெட். கெடைச்சிட்டா குடும்பத்தோட அங்கேயே போயிடலாம். அதுக்குள்ள பேச வந்தாகணும்."

பேச எங்கே விட்டான் அந்த மனுஷன்?

"நல்லாக் கேட்டுக்கங்க. என்ஜாய், ஃபினிஷ், அவாய்ட், இதுங்க வந்தா அடுத்த வார்த்தையில 'இங்' ஒட்டணும். ஐ என்ஜாய் குக்கிங். வான்ட், ஹோப், டிசைட் வந்தா 'டு' போடணும். ஐ வான்ட் டு குக். அனீஸா, நீ ஒண்ணு சொல்லு."

அனீஸா எழுந்தாள். "ஐ வான்ட்..."

பின்னாலிருந்து ஒரு செருமல். க்கும்!

அவ்வளவுதான். அனீஸா நிறுத்திவிட்டாள். "டீச்சர், அந்த 'டு' எப்ப வரும்னு திரும்ப ஒருக்கா சொல்லுங்க."

திரும்பச் சொன்னாள். மறுபடியும் செருமல். மறுபடியும், "இன்னும் ஒரே ஒருக்கா டீச்சர்."

முன் பெஞ்சில் இருந்த கல்லூரிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஃபஹ்மிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டி வாயைத் திறந்தாலே தொண்டையைச் செருமி அடக்குகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவளுடைய படிப்பும் ஒரு காலத்தில் அப்படி நின்று போனதுதான். அப்புறம் போராடித்தான் முடித்தாள்.

அதிலும் இவன் இங்கிலீஷ் தெரிந்தவன். "எங்க மாப்பிள்ளை துபாய்ல பெரிய ஆபீஸ்ல மேனேஜரா இருந்தவரு. இங்கிலீஷ் அவருக்குத் தண்ணி பட்ட பாடு" என்று லியாகத் அலி போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். தெரிந்தவன் வீட்டிலேயே சொல்லித் தரலாம். அதை விட்டுவிட்டுப் பின்னால் உட்கார்ந்து காவல் காக்கிறான்!

மூன்றாவது செருமலில் ஃபஹ்மிதா சாக்பீஸை மேஜையில் வைத்தாள்.

"அண்ணே, எழுந்திரிங்க."

ஜாஃபர் எழுந்தான்.

"உங்க வொய்ஃப் மேல நம்பிக்கை இல்லன்னா வகுப்புக்கே அனுப்பாதீங்க. நம்பிக்கை இருந்தா கீழ மண்டியில போய் உக்காருங்க. நீங்க இங்க இருந்தா அந்தப் புள்ளைக்கு இங்கிலீஷ் ஏறாது."

அவன் முகம் கறுத்துவிட்டது. அனீஸாவை ஒருமுறை பார்த்தான். படியிறங்கிப் போனான்.

வகுப்பில் யாரோ கைதட்டினார்கள். ஃபஹ்மிதாவுக்குத் தன்னை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"இப்பச் சொல்லு அனீஸா. பயப்படாத."

அனீஸா சொன்னாள். இங் வர வேண்டிய இடத்தில் இங், டு வர வேண்டிய இடத்தில் டு. ஃபஹ்மிதா கேட்கக் கேட்க ஒன்றுகூடத் தப்பாமல் வந்தது.

"பார்த்தியா! ஆள் அந்தப் பக்கம் போனதும் எப்படிப் பேசுற! இப்படிப் பேசினா அந்த வேலை உனக்குத்தான்."

அனீஸாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. ஃபஹ்மிதா பதறிப் போய் அவளைத் தனியே ஜன்னலோரம் அழைத்துக்கொண்டு போனாள்.

"எனக்கு வந்து என்ன டீச்சர் பண்றது? இன்டர்வியூ அவங்களுக்கு."

"அவருக்கா? மேனேஜரா இருந்தவருக்கு இந்தப் பாடம் எதுக்கு?"

"குடோன்ல பெட்டி தூக்கிட்டு இருந்தாங்க டீச்சர்." அனீஸா குரலைத் தாழ்த்தினாள். "மேனேஜருன்னு சொன்னது எங்களுக்கு சம்பந்தம் பேசின தரகர். நிக்காஹ் முடிஞ்ச மறுநாளே எங்கிட்ட உண்மையச் சொல்லிட்டாங்க. அண்ணன் இன்னும் நம்பிக்கிட்டு இருக்கு. இது சூப்பர்வைசர் வேலை, பேசத் தெரிஞ்சாத்தான் எடுப்பாங்க."

"நீயே வீட்ல சொல்லிக் குடுக்கக் கூடாதா?"

"அண்ணன் குடும்பத்தோட ஒரே வீட்லதான இருக்கோம்? அங்க எப்படி வாயத் திறக்குறது? அதான் நான் படிக்கிற மாதிரி சேர்ந்தேன், அவங்க துணைக்கு வர்ற மாதிரி வந்தாங்க. புரியலன்னா தொண்டையச் செருமுவாங்க. அவங்களுக்காக நான் கேப்பேன்."

ஃபஹ்மிதாவுக்கு முகத்தை எங்கே கொண்டு போய் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இவளைப் பயந்தவள் என்று நினைத்ததும், அவனைக் கொடுமைக்காரன் என்று நினைத்ததும், எல்லாருக்கும் முன்னால் எழுப்பி அனுப்பியதும் ஒவ்வொன்றாக வந்து சுட்டன.

ஜன்னல் வழியே குனிந்து பார்த்தாள். கீழே லாரியில் தேங்காய் ஏறிக்கொண்டிருந்தது. லியாகத் அலியைச் சுற்றி நாலைந்து வியாபாரிகள். "என்ன மாப்பிள்ளை, டீச்சரு ஏன் கீழ அனுப்பிட்டாங்க?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஜாஃபர் மாடிப் படியையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

ஃபஹ்மிதா மண்டி முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"அண்ணே, நான் சொன்னதுதான் தப்பு, தயவுசெஞ்சு மேல வாங்க! உங்களை மாதிரி இங்கிலீஷ் தெரிஞ்சவங்க பக்கத்துல இல்லன்னா உங்க வொய்ஃபுக்கு ஒரு வார்த்தைகூட வரமாட்டேங்குது!"