காலர் வைத்த தீபாவளிப் பை

"மறுபடியும் சுவிட்ச் ஆஃப்! வருசம் முழுக்க வீட்டையே சுத்தி வர்ற மனுசன், இன்னிக்குப் பாத்தா காணாமப் போகணும்?"

வனிதா செல்லை நாத்தனார் வீட்டுக் கட்டிலில் எறிந்தாள். நாத்தனார் சுகுணா கடைசிப் பைக்குச் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டுச் சிரித்தாள்.

"எங்க அண்ணன் எங்கிட்டுப் போயிருக்கும்? தீபாவளி வந்தா சீட்டாட்டம், சீட்டாட்டம் வந்தா செல்லு ஆஃப். ஊருக்கே தெரிஞ்ச கதைதானே மதினி!"

புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனி, டிரைவர்கள் கழித்துப் போட்ட காக்கிச் சட்டைகளை மூட்டையாகக் கொடுத்து, 'எங்க ஆளுங்களுக்குத் தீபாவளி ஸ்வீட் குடுக்கணும், பிளாஸ்டிக் வேண்டாம், இதுலயே பை தைச்சுத் தாங்க' என்று சொல்லியிருந்தது. வனிதாவுக்கு வந்த முதல் ஆர்டர். சட்டைக் கைகளை வெட்டியெடுத்து, அந்த ஓட்டைகளையும் அடியையும் மூடித் தைத்தாள். காலர், பட்டன், பாக்கெட் எல்லாம் அப்படியே. காலரைச் சுற்றி ரிப்பன், பாக்கெட்டுக்குள் மிக்சர் பொட்டலம். ஆலங்குடிப் பக்கம் இப்படியொரு பையை இதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

நாலு மணிக்குள் புதுக்கோட்டை கீழராஜ வீதியில், ஸ்வீட் நிரப்பித் தரும் கடையில் சேர்க்க வேண்டும். அதற்கு மேல் தீபாவளிக் கூட்டத்தில் லோடு வண்டியைப் போலீஸ் உள்ளே விடாது. விடிந்தால் தீபாவளி, அப்புறம் இந்தப் பைகளை எவன் சீந்துவான்? சேர்த்துவிட்டால் பொங்கல் ஆர்டரும் அவளுக்குத்தான். அவள் புருஷன் முத்துராஜோ குட்டியானை வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மாயமாகிவிட்டான்.

"வா, மொதல்ல இதைக் கொண்டு போய் எங்க வீட்ல சேப்போம். மனுசன் வரட்டும், இருக்கு அவருக்கு!"

மற்ற பைகளெல்லாம் ஏற்கெனவே வனிதா வீட்டில் பெட்டி கட்டியாகிவிட்டது. இந்தக் கடைசிப் பைகள் மட்டும் அயர்ன் சூடு ஆறாமல் இருந்தன. கசங்கக் கூடாதென்று ஹேங்கரோடு ஒரு மூங்கில் கம்பில் வரிசையாக மாட்டி, ஆளுக்கொரு முனையைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். முந்திரிக்காட்டுக்குள் குறுக்கே நடந்தால் வீடு பக்கம்தான்.

பாதிக் காடு தாண்டியிருப்பார்கள்.

"போலீஸ்! டேய், போலீஸ்டா! வரிசையா வாராங்கடா!"

மரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து அலறல். அடுத்த நொடி தடதடவென்று ஓட்டம். ஒருவன் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். இன்னொருவன் செருப்பை எடுத்துக்கொண்டு வேட்டியை விட்டுவிட்டு ஓடினான். எல்லோருக்கும் முன்னால் லுங்கியும் பனியனுமாக ஒரு தொப்பைக்காரர், அந்த உடம்பை வைத்துக்கொண்டு முள்வேலியை ஒரே தாண்டாகத் தாண்டிப் பறந்தார்.

"ஆத்தாடி! எங்க மதினி போலீசு?"

வனிதா திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. இலைகளுக்கு நடுவே காலரும் பட்டனுமாகக் காக்கிச் சட்டைகள்தான் ஆடிக்கொண்டிருந்தன. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கம்பைக் கிளையில் சாய்த்துவிட்டு, இரண்டு பேரும் செம்மண்ணிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து கம்பை வாசலில் வைத்துவிட்டு உள்ளே நுழைந்தால், கதவுக்குப் பின்னால் முத்துராஜ் பதுங்கி நின்றான். நெல் மூட்டைக்குப் பின்னால் அந்தத் தொப்பைக்காரர், முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

"கதவைச் சாத்து வனிதா! ரெய்டு! பெரிய படையே வருது!"

"இவரு யாருங்க?"

"தெரியல. இன்னிக்குத்தான் புதுசா ஆட்டத்துல வந்து உக்காந்தாரு. விழுந்தடிச்சு ஓடியாந்து பாத்தா, எனக்கு முன்னாடி நம்ம வீட்ல ஒளிஞ்சிருக்காரு!"

"தங்கச்சி, புண்ணியமாப் போகும், காட்டிக் குடுத்துறாத," என்று கும்பிட்டார் அவர். "இன்ஸ்பெக்டரும் வாராராம்மா?"

வனிதா வெளியே போய், கம்பைத் தூக்கி வந்து நடுவீட்டில் நிறுத்தினாள்.

"இந்தா, உங்க படை! நல்லா பாத்துக்கங்க!"

முத்துராஜ் வாயைப் பிளந்தான். தொப்பைக்காரர் மெல்ல எழுந்து வந்து, ஒரு காலருக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே ஆள் இல்லை என்று உறுதியானதும் அவர் சிரித்த சிரிப்பில் சுகுணாவுக்கும் மறுபடி தொற்றிக்கொண்டது. முத்துராஜும் அசடு வழியச் சேர்ந்துகொண்டான்.

"சிரிச்சது போதும்! மணியப் பாருங்க, நாலாகப் போகுது. இனி போனா வண்டிய உள்ள விடுவாங்களா? என்னோட மொத ஆர்டரு... உங்க சீட்டுக்கட்டுக்குப் பலி குடுத்துட்டீங்களே!" வனிதா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

முத்துராஜ் இடுப்பிலிருந்த சாவியைத் தடவினான். தொப்பைக்காரர்தான் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அழுவாத தங்கச்சி. தம்பி, சாவிய எடு. நான் முன் சீட்ல உக்காந்து வாரேன். ஒரு பய வண்டிய மறிக்க மாட்டான்."

"ஆமா, இவரு பெரிய கலெக்டரு!" என்றாள் சுகுணா. "லுங்கியப் பாத்ததும் சல்யூட் அடிச்சு வழி விடுவாங்க!"

அவர் பதில் சொல்வதற்குள் மடியிலிருந்த செல் அலறியது. பெயரைப் பார்த்தார். சட்டென்று தொப்பையை உள்ளே இழுத்து, குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றார்.

"ஐயா! ஹெட் கான்ஸ்டபிள் இருளாண்டிதான்யா பேசுறேன்... ஆமாங்கய்யா, மஃப்டியிலதான்யா... முந்திரிக்காட்டுல சீட்டாடுற பயலுகளத்தான்யா இவ்வளவு நேரமும் வெரட்டிக்கிட்டு இருந்தேன்!"