வெடியில் போன கண்

"எந்தக் கம்பெனி வெடியில போச்சு தம்பி, கண்ணு?"

பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்க்குமுன் என்னைத்தான் பார்த்தார்கள். கேட்டவர் மாப்பிள்ளையின் அண்ணன் பலவேசம். சிவகாசியில் வெடிமருந்து கலக்கும் அறைக்கு ஃபோர்மேன்.

நான் பெண்ணின் சின்ன அண்ணன், சங்கிலிமுத்து. விருதுநகர் வத்தல் மண்டியில் மூட்டை நிறுக்கிறேன். வத்தல் நெடி எல்லாருக்கும் இரண்டு கண்ணிலும் எரியும். எனக்குப் பாதிதான்.

"சாத்தூர்ப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி அண்ணாச்சி. இப்ப இல்ல, மூடிட்டாக."

பெரியண்ணன் சண்முகவேல் சொல்லிக்கொடுத்தது. தேதி, கிழமை, அன்றைக்கு அடித்த காற்று உள்பட. நேற்று மூன்று தடவை ஒப்பிக்க வைத்தான். பள்ளிக்கூடத்தில் இம்புட்டுப் படித்திருந்தால் தாசில்தார் ஆகியிருப்பேன்.

என் கண் வெடியில் போகவில்லை. கண்ணுக்குள் கட்டி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில், எனக்குப் பதினேழு வயதில், மதுரையில் ஒரு டாக்டர் கண்ணோடு சேர்த்து அதை எடுத்துப் போட்டார். பெட்டியில் மிச்சம் கிடந்த கண்ணாடிக் கண் ஒன்றைப் பொருத்திவிட்டார். அது தேன் நிறம். கூடப்பிறந்தது கரி நிறம். ஒன்று சீமைக்காரனுக்கு, ஒன்று எனக்கு.

கண் போனதற்கு மூன்று மாதம் அழுதேன். பொய் சொல்லச் சொன்னதற்குப் பதினோரு வருஷமாகப் பல்லைக் கடிக்கிறேன்.

வெடியில் கண் போனால் எங்கள் பக்கத்தில் பாவம் என்பார்கள். கட்டியில் போனால் குடிக்கிற செம்பைத் தனியாக எடுத்து வைப்பார்கள். வெடி ஊருக்கு வந்த நோய். கட்டி குடும்பத்துக்கு வந்த நோய். தங்கச்சி ராமுத்தாய்க்கும் இருக்குமாம், அவள் பெறப்போகிற பிள்ளைக்கும் இருக்குமாம். யாரோ போட்டுக்கொடுத்து ஏற்கெனவே இரண்டு வரன் கலைந்துவிட்டது.

ஆகவே வந்த நோயை மறைத்து, போகாத வேலையில் காயம்பட்டவனாக, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தேன்.

பலவேசம் கையில் எடுத்த காராச்சேவை வாயில் போடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் தாடையிலும் கழுத்திலும் பொட்டுப் பொட்டாகக் கறுப்பு. எப்போதோ வெடித்துத் தோலுக்குள் ஏறிய மருந்து. சாகும்வரை போகாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் எனக்கு எல்லாம் பாடம் பண்ணிக்கொடுத்தான், என் மூஞ்சிக்குச் சொல்லித்தர மறந்துவிட்டான். என் கன்னம் கழுவிவைத்த தட்டு மாதிரி இருக்கிறது. ஒரு புள்ளி கிடையாது.

பலவேசம் நகர்ந்து என் காதோரம் வந்தார்.

"வெடி இல்லேல்ல? கட்டிதான?"

முடிந்தது, மூன்றாவது வரனும். எதிரே அண்ணன், மாப்பிள்ளையின் அப்பாவிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். பார்வை மட்டும் என் மேல்.

"எம் மக மாரித்தாய்க்கு நாலு வயசு தம்பி. ஒரு கண்ணு பூனைக்கண்ணாட்டம் மினுங்குது. இருக்கன்குடிக் கோயில்ல ரெண்டு தடவ தங்கி விரதம் இருந்தாச்சு. கண்ண எடுக்கணும், இல்லன்னா உசுரு தங்காதுங்காரு டாக்டரு. எடுத்தா செத்துரும்ங்கா எம் பொண்டாட்டி. எடுத்துப் பொழச்ச ஆள் ஒருத்தரக் காட்டுங்கா. நானும் நாலு மாசமாத் தேடுறேன். கண்ணு போன ஆள் யாரக் கேட்டாலும், எல்லாரும் வெடிங்காக."

நாலு மாசம்.

ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் திருத்தங்கல்காரர். என்னை மாதிரியே கட்டி. அவரும் இப்போது வெடிதான்.

"மதினி எங்க?" என்றேன்.

"உள்ள, பொம்பளைகளோட. பிள்ளையும் மடியிலதான் இருக்கு. இப்ப வேண்டாம் தம்பி. எங்கம்மாவுக்கே கண்ணுவலின்னுதான் சொல்லி வச்சிருக்கோம். அடுத்த வாரம், ஆளில்லாத நேரமா வீட்டுப் பக்கம் வந்து..."

அடுத்த வாரம். ஆளில்லாத நேரமாக. ஒரு பிள்ளை உசுரோடு இருப்பதற்கு நல்ல நேரம் பார்க்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் அண்ணனை அடித்திருப்பேன். பலவேசத்தை அடித்திருப்பேன். அதற்கெல்லாம் முன்னால், காலையில் சவரம் பண்ணும்போது கண்ணாடியில் தெரிகிறானே, அவனை அடித்திருப்பேன். பதினோரு வருஷமாகச் சிரிக்கச் சிரிக்கப் பொய் சொன்ன வாய் அவனுடையதுதான்.

எழுந்தேன்.

"ஏலே, எங்கன போற?" என்றான் அண்ணன். நிற்கவில்லை.

உள் அறைக்குள் நுழைந்தேன். மாப்பிள்ளையின் அம்மா, இன்னும் ஏழெட்டுப் பெண்கள், நடுவில் தலை நிறையப் பூவோடு ராமுத்தாய். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் மறுபடியும் வெடி என்று சொல்லிவிடுவேன்.

அவளை ஒட்டிச் சுவரோரம் ஒருத்தி, மடியில் பிள்ளை. பிள்ளையின் கண்ணில் முந்தானையை மறைப்பாகப் போட்டிருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார இடமில்லை.

ராமுத்தாய் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பட்டுச்சேலையை ஒதுக்கிக்கொண்டு, தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள்.

உட்கார்ந்தேன். கண்ணாடிக் கண்ணைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தேன். யாரோ "ஆத்தா" என்று வாயைப் பொத்தினார்கள். பிள்ளை மட்டும் முந்தானையை விலக்கி, அதைப் பிடிக்கக் கை நீட்டியது.

"மதினி, இது வெடி இல்ல, கட்டி. எடுத்துப் பதினோரு வருசமாச்சு. நேத்துக்கூட பஜார்ல எட்டுப் புரோட்டா தின்னேன்."