நிலவு வீட்டு மாப்பிள்ளை

சாலிஹ் தொடர்கதையை வாசித்து முடித்துப் பத்திரிகையை மடித்ததும், மாமியார் வீட்டில் நெய்துகொண்டிருந்த பெண்கள் தறியை நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வந்தார்கள்.

முதல் பாகத்தில் ஆகாயக் கப்பலில் நிலவுக்குப் போன வாலிபன், அங்கே ஒருத்தியைக் கட்டினான். இரண்டாம் பாகத்தில் அவளைப் பூமிக்கே கூட்டிவந்துவிட்டான்.

"எங்கயாவது மாப்புள பொண்ணத் தன்ட ஊட்டுக்குக் கூட்டிப் போறதா?" என்றாள் தறியிலிருந்த பரீனா. "கலியாணம் முடிச்சா பொண் ஊட்டில இரிக்கிறதுதானே முறை! எழுதினவனுக்கு விசர் புடிச்சிரிக்குகா."

"அவனுக்குப் பூமியில நல்ல உத்தியோகம் கிடைச்சிரிக்கே," என்றான் சாலிஹ். மாமியார் கைறுன்னிஸா ஒருத்தி சம்மதித்தால் போதும் என்று அவனுக்குத் தவிப்பு. "நீங்க சொல்லுங்க மாமி, அவள் வந்தது பிழையா?"

கைறுன்னிஸா வெற்றிலையை மென்றபடி யோசித்தாள்.

"பிழையில்ல மருமகன்."

அவன் முகம் மலர்ந்தது.

"பெத்த உம்மாவத் தனிய உட்டுட்டு வந்ததுதான் பிழை. நானெண்டா அவவையும் கப்பல்ல ஏத்தியிருப்பன்."

"அதுதான் கதை!" என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

சாலிஹ் உள்ளே போனதும் மனைவி ஸகியா மெல்லச் சொன்னாள்:

"உங்களுக்குக் கிடைச்ச கொழும்பு வேலைக்கு என்னக் கூட்டிப் போறதப் பத்தி உம்மாட்ட இனி நீங்க கேக்கத் தேவல்ல. வேற பேருல இந்தக் கதைய எழுதினது நீங்கதான் எண்டு நேத்தே சொல்லிட்டன். உம்மா தன்ட பெட்டியக் கட்டி முடிச்சிட்டா."