ஒற்றை நட்சத்திரம்

கிறிஸ்துமஸ் காலை விருந்துக்கு டார்லீன் செய்த புளூபெர்ரி காபி கேக்கை யாராலும் விழுங்க முடியவில்லை.

"என்மேல தப்பில்ல. இணையத்துல எவளோ இதோட செய்முறையை 'ரொம்ப ஈஸி'ன்னு எழுதி வெச்சிருந்தா. அவ சொன்னதை அப்படியே செஞ்சேன்."

"அப்படியேவா, அத்தை?" என்றாள் மருமகள் கிர்ஸ்டன்.

"புளூபெர்ரி இல்ல, உலர்ந்த திராட்சை போட்டேன். புளிச்ச கிரீமுக்குப் பதிலா மயோனைஸ். சர்க்கரை உடம்புக்கு ஆகாதுன்னு விட்டுட்டேன். வாயில வெச்சதுமே அவளுக்கு அஞ்சுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் குடுத்து, 'உனக்கெல்லாம் எதுக்குச் சமையல்'னு கேட்டு எழுதிட்டேன்."

கிர்ஸ்டன் குனிந்து தன் போனில் எதையோ தட்டினாள்.

டார்லீனின் போன் சிணுங்கியது. "பாருங்க, பதில் போட்டிருக்கா. மன்னிப்பு கேக்கறா போல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"அத்தை, அந்தக் கேக்கைத்தான் உங்கள் எதிரில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறேன்."