மூன்றாவது புகார்

மேசை விசிறியைக் கொண்டுபோய் வேலியோரம் வைத்து, தன் வீட்டைப் பார்த்துத் திருப்பினான் டெல்பர்ட். கொல்லையில் எரியும் புகையடுப்பின் புகை பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது. தன் வீட்டு ஜன்னலுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் போகட்டும்.

"காயப்போட்ட துணியெல்லாம் மாட்டுக்கறி வாசம் அடிக்குது. நாளைக்கு சர்ச்சுக்கு இதைத்தான் உடுத்தணும்," என்றாள் அவன் மனைவி நோவெல்லா.

"இன்னிக்கு ஒருநாள் பொறுத்துக்க. சங்கத்துலேருந்து அந்தம்மா வர்ற நேரம்."

ஏழு வாரத்துக்கு முன்னால்தான் அந்த அடுப்பை வாங்கினான். கடைக்காரர் கரண்டில் ஓடுகிற மாடலைக் காட்டியபோது, "பொத்தானை அமுக்கிட்டுப் போய்த் தூங்க, அது என்ன துணி துவைக்கிற மெஷினா?" என்று கேட்டுவிட்டு, பக்கவாட்டில் விறகுப்பெட்டி வைத்த, குட்டி ரயில் இஞ்சின் மாதிரி இருந்த இரும்பு அடுப்பைத்தான் ஏற்றிக்கொண்டு வந்தான். ஓக் விறகு, அதன் புகையிலேயே பன்னிரண்டு மணி நேரம் வேகும் முழு மாட்டு நெஞ்சுக்கறி. டெக்சாஸில் பிறந்தவனுக்கு சனிக்கிழமை என்றால் வேறென்ன வேலை?

ஆனால் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வர ஆரம்பித்துவிட்டது. ஒரே வரி. 'தங்கள் புகையடுப்பு தொடர்பாகப் புகார் வந்துள்ளது.' நேற்று வந்தது மூன்றாவது. மூன்று ஆனால் நேரில் விசாரணை, தப்பு என்று தீர்மானித்தால் அடுப்பைத் தூக்கிவிட வேண்டியதுதான்.

"எல்லாம் பக்கத்து வீட்டு ஹாலிஸ் வேலை," என்றான் டெல்பர்ட். "சனிக்கிழமை நான் கறியை வெளிய எடுக்கிற நேரம் பாத்து, தலைவாரி, சலவைச் சட்டை போட்டு வேலியோரம் வந்து நிக்கிறான். சாட்சி சேக்கறான்."

"வந்து நிக்கிற மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை பேசறது."

"பேசினேனே. 'இன்னிக்கு எப்படி வந்திருக்கு?'ன்னு கேட்டான். 'உன் சோலியைப் பாரு'ன்னேன்."

"நல்லா பேசின போ. ஏழு வாரமா காலையில கறி, ராத்திரி கறி. ரெண்டே பேரு. எனக்குக் கொம்பு முளைக்காததுதான் பாக்கி."

"பக்குவம் சரியா வர்ற வரைக்கும் வெளியாளு கண்ணுல காட்டமாட்டேன். இந்த ஊருல காஞ்ச கறியைச் சமைச்சவன்னு பேரு வந்துட்டா, கல்லறைக் கல்லுல அதைத்தான் செதுக்குவானுங்க."

வாசலில் கார் வந்து நின்றது. புகையை அடக்குகிறேன் என்று டெல்பர்ட் அவசரத்தில் அடுப்பின் காற்றுத் துளைகளை அழுத்தி மூடினான். ஏழு வாரமாகப் படித்ததெல்லாம் அந்த ஒரு நொடியில் மறந்துபோனது. காற்றில்லாத நெருப்பு குபுகுபுவென்று வெள்ளையாகக் கக்கியது. விசிறி அதை அப்படியே அள்ளிக்கொண்டு போய், கொல்லைப்பக்கம் வந்த சங்கத்துத் தலைவி திருமதி பீச்சம் முகத்தில் அடித்தது.

அவர் இருமி முடித்து, கண்ணாடியைத் துடைத்து, குறிப்பேட்டைத் திறந்தார்.

"என்ன விறகு?"

"ஓக்குங்க மேடம். ஒரு வருஷம் காஞ்சது."

"எப்ப பத்த வச்சீங்க?"

"விடியக்காலை அஞ்சு மணிக்கு."

"மூடியைத் திறங்க."

திறந்தான். வெளியே கரியாகக் கறுத்து, தொட்டால் உள்ளே ஜெல்லி மாதிரி ஆடியது நெஞ்சுக்கறி. ஏழு வாரத்தில் இன்றைக்குத்தான் பக்குவம் கச்சிதம். திருமதி பீச்சம் எதையோ விழுங்கிவிட்டு, மறுபடியும் எழுதினார்.

"மேடம், கூரைக்கு மேல வரைக்கும் புகைபோக்கி வச்சுடறேன். மாசத்துக்கு ஒரு தடவைதான் பத்த வைப்பேன். வேணும்னா…" குரல் இறங்கிப்போனது. "வேணும்னா கேஸ் அடுப்புக்கு மாறிடறேன்."

டெக்சாஸ்காரன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் நோவெல்லாவே ஒரு கணம் ஆடிப்போனாள்.

வேலிக்கு மேல் ஹாலிஸின் தலை தெரிந்தது. வகிடெடுத்துப் படிய வாரிய தலை.

"இப்ப உனக்குத் திருப்திதானேப்பா?" என்றான் டெல்பர்ட்.

ஹாலிஸின் கண் அடுப்பைவிட்டு அசையவில்லை.

"அவரை மட்டும் சொல்லாதீங்க," என்றார் திருமதி பீச்சம். "தெருவுல பதினோரு வீடும் கையெழுத்துப் போட்டிருக்கு. என் வீடும் சேத்துதான்."

டெல்பர்ட் விறகுக் குவியல்மேல் தொப்பென்று உட்கார்ந்தான். "அப்படி நான் என்னதான் பண்ணிட்டேன்? அந்தப் புகாரை ஒரு தடவை படிங்க மேடம், காதால கேட்டுக்கறேன்."

திருமதி பீச்சம் மடித்த தாளைப் பிரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"'ஏழு வாரமாகப் புகை வருகிறது. கறி வரவில்லை.'"