இரண்டாம் நம்பர் பெட்டி

"இன்ரநெற் இன்னும் மலியப்போகுதாம், பேப்பரிலை கிடக்கு," என்றாள் கடைக்கு வந்த இராசமலர்.

"மலிஞ்சு மலிஞ்சுதானே என்ரை தொழில் படுத்தது," என்றார் தில்லைநாதன். ஒருகாலத்தில் வெளிநாட்டுக்குக் கதைக்க வல்வெட்டித்துறையே அவர் கடைவாசலில் வரிசையில் நின்றது. இப்போது கொப்பி, பேனை விற்கிறார். தொலைபேசிப் பெட்டிகளில் மிஞ்சியிருப்பது இரண்டாம் நம்பர் போட்ட ஒரு கண்ணாடிப் பெட்டி. "நாளைக்கு உந்தப் பெட்டியையும் கழட்டப்போறன், பிள்ளை."

"ஐயோ அண்ணை, பிறகு நான் எங்கை நிண்டு இவரோடை கதைக்கிறது?"

பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே தொலைபேசி இல்லை. இணைப்பை வெட்டிப் பத்து வருடமாகிறது. கைப்பையிலிருந்து தன் கைத்தொலைபேசியை எடுத்தாள். வீட்டில் என்றால் மாமியும் மச்சாள்மாரும் வீடியோவுக்குள் தலையை நீட்டுவார்கள். கனடாவிலிருக்கும் புருசனோடு ஆசைதீரச் சண்டைபிடிக்க வேறு இடமில்லை.

வரிசையில் நிற்பவர்களுக்காக அவசரப்படுத்திய பழைய பழக்கத்தில் மூன்றாம் நிமிடம் தில்லைநாதன் கண்ணாடியில் தட்டினார்.

"முடிக்கிறன் அண்ணை, இன்னும் ஒரு நிமிசம்!"